கடலைக் குழம்பும் கிர்க்கிச் சந்தும்

டில்லியில் குளிர்காலம் பிறந்துவிட்டதென்று எனக்கு முதலில் அறிவிப்பவர் கடலை வண்டிக்காரர்தாம். தள்ளுவண்டியில் குன்றுபோல் குவித்த வறுத்த கடலை. அதன் உச்சியில் ஒரு சிறு மண்சட்டி. சட்டிக்குள் கனன்று புகையும் தணல். ‘மூங்ஃபலி’ என்று அவர் கூவும் குரல் மாலைப் பனியினூடே கேட்டால், பெட்டியிலிருக்கும் கம்பளிகளை வெயிலில் போட வேண்டிய நாள் வந்துவிட்டதென்று பொருள். கொறிப்பதற்கும், சட்னி அரைப்பதற்கும், வெல்லப்பாகில் உருண்டை பிடிப்பதற்குமே கடலை படைக்கப்பட்டது என்று நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். அதைக் கோழியோடு கூட்டிக் குழம்பு வைக்கலாம் என்று எவரேனும் சொல்லியிருந்தால் நகைத்திருப்பேன். இன்று என் வீட்டில் மாதம் ஒருமுறையேனும் அந்தக் குழம்பு கொதிக்கிறது. கற்றுக்கொடுத்தவர் கானா நாட்டு அம்மையார் ஒருவர். அந்தக் கதையில் எனக்குப் பெருமை தராத ஒரு பகுதியும் உண்டு. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

தெற்கு டில்லியில் நாங்கள் குடியிருக்கும் கட்டிடத்தில் ஆறு குடித்தனங்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் மேல்மாடிக்கு ஒரு தாயும் மகளும் வந்து சேர்ந்தார்கள். கானா நாட்டில் குமாசி நகரத்தார். மகள் இங்கே மருந்தாளுமைக் கல்வி பயில வந்தவள். தாய் முழங்கால் சிகிச்சைக்காக மகளிடம் வந்து சில மாதம் தங்கியிருந்தார். இருவரும் எதிர்ப்படும்போது புன்னகை செய்வார்கள், நாங்களும் தலையசைப்போம். அவ்வளவுதான் பழக்கம்.

அவர்கள் வந்த இரண்டாம் மாதத்தில் ஒரு கடிதம் வீடு வீடாக வந்தது. மேல்மாடியிலிருந்து சகிக்க முடியாத நாற்றம் வருகிறதென்றும், உலர்ந்த மீன் போன்ற எதையோ சமைக்கிறார்களென்றும், குடும்பங்கள் வாழும் இடத்தில் இத்தகையவர்களை வைக்கலாகாதென்றும் வீட்டுக்காரருக்கு எழுதிய விண்ணப்பம் அது. கீழே நான்கு கையெழுத்துகள் இருந்தன. ஐந்தாவது கையெழுத்தை நான் இட்டேன். என் கணவர் அப்பொழுது ஊரில் இல்லை. இருந்திருந்தால் தடுத்திருப்பார் என்று எழுதினால் பழியில் பாதியை நான் தட்டிக்கழித்தது போலாகும். ஆகையால் அதை விட்டுவிடுகிறேன்.

நான் 1984-இல் மணமாகி டில்லிக்கு வந்தவள். வந்த ஆறாம் மாதம், ஊரிலிருந்து என் மாமியார் கொடுத்தனுப்பிய நெத்திலிக் கருவாட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை வறுத்தேன். மறுநாள் காலையில் வீட்டுக்காரர் மனைவி வாயிலில் நின்றார். என்ன செத்துப்போயிற்று என்று ஹிந்தியில் வினவினார். அந்த மாதக் கடைசியில் நாங்கள் வேறு வீடு தேடினோம். அந்த நாளில் நம்மவர் எந்த மாவட்டத்தாராயினும் இங்கே ‘மதராஸி’ என்ற ஒரே பெயர்தான். நம் தமிழ்ப் பள்ளிகளை நடத்தும் சங்கமே 1923-இல் மதராஸி கல்விச் சங்கம் என்ற பெயரில்தானே தொடங்கிற்று? கறிவேப்பிலை தாளிக்கும் மணத்தைக்கூட ‘அந்தக் கறுப்பு இலையின் வாடை’ என்று குறை கூறியவர்களை நான் அறிவேன். இவ்வளவும் நினைவிலிருக்கும்போதே என் கை அந்தக் காகிதத்தில் கையெழுத்திட்டது.

கடிதம் போன பத்தாம் நாள், ஐ.என்.ஏ. சந்தையில் அந்தத் தாயைக் கண்டேன்.

நம் அன்பர்களுக்கு ஐ.என்.ஏ. சந்தையைப் பற்றி நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. முருங்கைக்காயும் வாழைக்காயும் சேனையும், இறால் முதல் வஞ்சிரம் வரையும் அங்கே கிடைக்கும். தூதரகங்களின் சமையற்காரர்களும் அங்கேதான் வருவார்கள். ஆகையால் எந்த நாட்டார் உண்ணும் பண்டத்தையும் அந்தக் கடைக்காரர்கள் பெயர் சொல்லி அழைப்பார்கள். அந்த அம்மையார் ஒரு கையில் தடியை ஊன்றி, மறு கையால் மரவள்ளிக்கிழங்கின் நுனியை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே நீலக்கோடு ஓடியிருந்தால் வேண்டாமென்று தள்ளினார். என் தாயாரும் அப்படித்தான் ஒடித்துப் பார்ப்பார். கிழங்குப் பை கனமாயிருந்தது. அவரால் தூக்க இயலவில்லை. நான் வாங்கிக்கொண்டேன். ஒரே ஆட்டோவில் திரும்பினோம். என் பையிலிருந்த முருங்கைக்கீரையைக் கண்டு, அதை நீங்களும் உண்பீர்களா என்று வியந்தார். ஆங்கிலத்தில்தான் பேச்சு. அவர் ஆங்கிலம் எனக்குப் பாதியும், என் ஆங்கிலம் அவருக்குப் பாதியும் விளங்கிற்று. மகள் என்னை ‘ஆன்ட்டி’ என்று அழைக்கத் தொடங்கினாள். அவர்கள் நாட்டிலும் மூத்த பெண்களை அவ்வாறே அழைப்பது மரபாம். டில்லிக் குழந்தைகள் வாயில் அந்தச் சொல்லைக் கேட்டு நான் எரிச்சலுற்றதுண்டு. அவள் சொன்னபோது அப்படித் தோன்றவில்லை.

மறு ஞாயிறு மாடிக்கு வரச் சொன்னார்கள். போனேன்.

இனிக் குழம்புக்கு வருகிறேன். ஐந்தாறு பேருக்கு ஒரு கிலோ கோழிக்கறி வேண்டும். கானா நாட்டார் இளங்கோழியை மதிப்பதில்லை. கொதியில் நெடுநேரம் நின்று சாறு விடும் முற்றிய கோழியே அவர்களுக்கு உகந்தது. நாட்டுக்கோழிக்காக நாம் ஏங்குவது போலவே அவர்களும் ஏங்குகிறார்கள். காஜிபூர்க் கோழிச் சந்தையிலிருந்து வரும் பிராய்லர் கோழியைப் பற்றி அந்த அம்மையாரிடம் கேட்டேன். “அது கோழியன்று, இறகு முளைத்த பஞ்சு” என்றார். முட்டையிட்டு ஓய்ந்த கோழியைக் கடைக்காரரிடம் சொல்லிவைத்து வாங்கினால் குழம்பின் சுவையே வேறு.

கோழித் துண்டங்களுடன் உப்பும், இடித்த இஞ்சியும், ஒரு வெங்காயத்தை அரைத்த விழுதும் பிசறி, துளி நீரும் விடாமல் மூடிச் சிறு தீயில் வைக்க வேண்டும். கறி தன் நீரிலேயே வேகும். அதன்பின் ஆறு குவளை நீர் ஊற்றி, நான்கைந்து தக்காளி, இரண்டு வெங்காயம், காரத்துக்கு வேண்டிய பழமிளகாய் ஆகியவற்றை நறுக்காமல் முழுதாகவே அதில் போட வேண்டும். இது எனக்குப் புதுமை. நாம் முதலில் வதக்குவோம். அவர்கள் கோழிச்சாற்றிலேயே வேகவிட்டு, வெந்ததும் அரித்தெடுத்து அரைத்து மீண்டும் அந்தச் சாற்றிலேயே கலக்கிறார்கள். பச்சை வாடையும் நீங்குகிறது, எண்ணெயும் மிச்சமாகிறது. பட்டை, கிராம்பு, தனியா, மஞ்சள், தேங்காய் ஒன்றும் கிடையாது. நான் என் வீட்டு மசாலாப் பொடியைக் கொண்டுவரட்டுமா என்றபோது, தாய் அகப்பையை உயர்த்திக் காட்டிய விதம் இன்னும் நினைவிலிருக்கிறது.

கடலையை இருநூறு கிராம் எடுத்து, தோல் கருகாமல் வறுத்து, தேய்த்துப் புடைத்துக்கொள்ள வேண்டும். சுருங்கியதோ கசப்பதோ பூஞ்சை படிந்ததோ ஒன்று இருந்தாலும் எறிந்துவிடுங்கள். அதில் நஞ்சு உண்டு. நீர் விடாமல் அரைத்தால் முதலில் பொடியாகும். பின்னும் அரைத்தால் தன் எண்ணெயிலேயே இளகி விழுதாகும். அந்த விழுதைக் கொஞ்சம் கோழிச்சாற்றில் கரைத்து, தனியே வேறொரு சட்டியில் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். கை ஓயும், ஓயட்டும். நிறம் ஆழ்ந்து, ஓரத்தில் எண்ணெய் பிரியத் தொடங்கும்போது குழம்பில் சேர்க்க வேண்டும். பச்சை விழுதை அப்படியே கொட்டிவிட்டால் குழம்பு மாவுக்கூழ் போலாகி நாவில் ஒட்டும். முதன்முறை என் வீட்டில் நானாகச் செய்தபோது அவசரப்பட்டு அப்படித்தான் செய்தேன். என் மகன் அதைத் ‘திரவ பர்பி’ என்று வருணித்தான். சேர்த்தபின் இன்னும் அரைமணி நேரம் சிறு தீயில் கொதித்து, மேலே செம்பொன் நிறமான எண்ணெய் மிதந்து வரவேண்டும். அதுவே பதம். கறிக்குழம்பு இறக்கும் பதத்தை நம் பாட்டிமாரும் அந்த அடையாளத்தைக் கொண்டுதானே அறிந்தார்கள்?

சைவ உணவினர் முகம் சுளிக்க வேண்டுவதில்லை. கோழியை விடுத்துக் கத்தரிக்காயும் சேனையும் இட்டுச் செய்தால் அதுவும் மிக நன்று. கானாவிலேயே வெண்ணிறக் கத்தரிக்காய் இந்தக் குழம்பில் விழுவதுண்டு. கடலை ஒவ்வாத உடம்பினர் மட்டும் அருகில் வரலாகாது; அது விளையாட்டன்று.

நைஜீரியாவில் வேறு வழக்கம். அங்கே கடலை இல்லாமல், தக்காளியும் சிவப்புக் குடைமிளகாயும் அரைத்து எண்ணெயில் நன்றாகச் சுண்டவைத்த செங்குழம்பே பெரும்பான்மை. அதில் ‘கறிப்பொடி’ என்று ஒன்றைத் தூவுவார்கள். ஆங்கிலேயர் ஆட்சி வழியாகப் போய்ச் சேர்ந்த பழக்கம். நம் ‘கறி’ என்ற சொல் லண்டன் வழியாக லாகோஸ் சென்று அங்கே பொடியாகிவிட்டது. கறிவேப்பிலை மட்டும் உடன் செல்லவில்லை.

நான் பிறந்த ஊர் விழுப்புரத்துக்கு அருகில். எங்கள் பக்கத்தில் கடலையை ‘மல்லாட்டை’ என்போம். மணிலாக் கொட்டை என்ற பெயர்தான் வாய்க்கு வாய் தேய்ந்து அப்படியாயிற்று. ஆனால் மணிலாவும் அதன் பிறந்தகமன்று. கடலை பிறந்தது தென்னமெரிக்காவில். போர்ச்சுகீசியர் 16ஆம் நூற்றாண்டில் அதை மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குக் கொண்டு சென்றார்கள். மிளகாயும் தக்காளியும்கூட அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்தவையே. இந்தக் குழம்பில் கோழியையும் இஞ்சியையும் வெங்காயத்தையும் நீக்கிவிட்டால், எஞ்சுவன எல்லாம் அவர்களுக்கும் வந்தேறிகள், நமக்கும் வந்தேறிகள். 19ஆம் நூற்றாண்டில் பிரான்சின் மார்சேல்ஸ் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்காகவும் சவர்க்காரத் தொழிலுக்காகவும் செனகலிலிருந்து கடலை கப்பலேறிற்று. நம் புதுச்சேரியிலிருந்தும் கப்பலேறிற்று. எங்கள் தாலுக்காவின் செம்மண்ணில் விளைந்த கொட்டையும் ஆப்பிரிக்க மணலில் விளைந்த கொட்டையும் ஒரே ஆலையில் அரைபட்டிருக்கக் கூடும். திண்டிவனம் ஆராய்ச்சி நிலையம் 1940-இல் வெளியிட்ட டி.எம்.வி. 2 என்ற ரகத்தை என் தந்தையார் பயிரிட்டதுண்டு. ‘இது எங்கள் ஊர்ப் பயிர்’ என்று நான் சொன்னபோது, அந்தத் தாயும் ‘இது எங்கள் ஊர்ப் பயிர்’ என்று அதே உறுதியோடு சொன்னார்.

குழம்போடு உண்ண அன்று சோற்றுருண்டை செய்திருந்தார்கள். ‘ஓமோ துவோ’ என்று பெயர். அரிசியைக் குழைய வேகவைத்து, மரக்கரண்டியால் மசித்து, ஈரக்கையால் ஆரஞ்சுப் பழ அளவில் உருட்டி, ஆழ்ந்த கிண்ணத்தில் வைத்து மேலே குழம்பை ஊற்றுகிறார்கள். கானாவில் ஞாயிற்றுக்கிழமைச் சிறப்பு அது. மற்ற நாட்களில் மரவள்ளிக்கிழங்கையும் வாழைக்காயையும் வேகவைத்து உரலில் இடித்துச் செய்யும் ‘ஃபூஃபூ’ உண்டு. அதை மெல்லலாகாது, கிள்ளி, குழம்பில் தோய்த்து, விழுங்க வேண்டும். ‘மெல்லாமல் எப்படி அம்மா?’ என்று கேட்க வாயெடுத்தேன். என் கணவரின் ஊர் தருமபுரிப் பக்கம். அங்கே கேழ்வரகுக் களியை மெல்பவனைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்பது அதற்குள் நினைவுக்கு வந்துவிட்டது. வலக்கையால்தான் உண்ண வேண்டும். இடக்கையை நீட்டிப் பொருள் கொடுப்பதும் வாங்குவதும் மரியாதைக் குறைவு. அதை எனக்கு அவர்கள் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

உண்டு முடிந்து கீழே இறங்கி வந்தபோது என் மனத்தில் அந்தக் கடிதமே நின்றது. மறுநாள் அதைச் சுற்றுக்கு விட்ட அண்டை வீட்டாரிடம் சென்று, என் பெயரை அடித்துவிடுமாறு கேட்டேன். கடிதம் போய் இரண்டு வாரமாயிற்று என்றார். வீட்டுக்காரரிடம் தொலைபேசியில் பேசினேன். மற்ற நால்வர் என்ன சொல்வார்கள் என்று அவர் கேட்டார். பதினொரு மாத ஒப்பந்தம் முடிந்ததும் தாயும் மகளும் வீட்டை விட்டார்கள். அவர்கள் சென்றது மாளவியா நகரை ஒட்டிய கிர்க்கி விரிவுப் பகுதிக்கு.

கிர்க்கி என்றால் ஜன்னல். பதினான்காம் நூற்றாண்டில் ஃபிரோஸ் ஷா துக்ளக்கின் அமைச்சர் ஜுனான் ஷா கட்டிய பள்ளிவாசலின் கல்வலை ஜன்னல்கள் ஊருக்கே பெயராகிவிட்டன. நான்கு திறந்த முற்றங்களைத் தவிர மற்றப் பகுதி முழுதும் கூரை வேய்ந்த விசித்திரமான கட்டிடம் அது. உள்ளே நின்றால் வெயிலும் நிழலும் மாறி மாறிச் சதுரங்கப் பலகை போலத் தோன்றும். 2018-இல் அங்கே பராமரிப்பு வேலையின்போது 254 செப்புக் காசுகள் கிடைத்தன. சிறிது தொலைவில் முகம்மது பின் துக்ளக் காலத்து ஏழு வளைவு அணையான சத்புலா நிற்கிறது. டில்லிக்கு வந்து முப்பது நாற்பது ஆண்டானவர்களும் இவற்றைப் பாராதிருக்கிறார்கள். ஊரிலிருந்து வரும் விருந்தினரைக் குதுப் மினாருக்கு அழைத்துச் செல்வதோடு கடமை முடிந்ததென்று எண்ணுகிறோம்.

பள்ளிவாசலுக்கு அப்பால் சந்துகள் தொடங்குகின்றன. இரண்டு பேர் குடை பிடித்து எதிரெதிரே செல்ல இயலாத அகலம். மேலே மின்கம்பிகளின் பின்னல். சாலைக்கு எதிர்ப்புறம் பளபளக்கும் வணிக மாளிகைகளும் பெரிய மருத்துவமனைகளும். இப்புறம் பீகாரிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் ஆப்கானிஸ்தானத்திலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்தவர்களின் ஒற்றை அறைக் குடித்தனங்கள். 2014 ஜனவரியில் ஒரு நள்ளிரவு, அந்நாளைய மாநில அமைச்சர் ஒருவரே கூட்டத்தோடு இங்கே வந்து, ஆப்பிரிக்கப் பெண்கள் தங்கியிருந்த வீட்டைச் சோதனையிடக் காவலரை வற்புறுத்திய செய்தியை அன்பர்கள் படித்திருப்பீர்கள். அதன்பின் பலர் இடம் பெயர்ந்தனர், சிலர் இருந்துவிட்டனர். சாணக்கியபுரியில் குவாமே நிக்ருமாவின் பெயரால் ஒரு சாலை இருக்கிறது. வசந்த் குஞ்சில் நெல்சன் மண்டேலாவின் பெயரால் ஒரு சாலை இருக்கிறது. ஆப்பிரிக்க ஒன்றியம் ஜி-20 அமைப்பில் சேர்க்கப்பட்டதும் 2023-இல் இதே டில்லியில்தான். வீடு வாடகைக்குக் கேட்டுப் போகும்போது அவை எவையும் உடன் வருவதில்லை என்றாள் அந்தப் பெண். நிக்ருமாவைப் பற்றி அவள் சொன்ன மற்றொரு செய்தி: ‘குவாமே’ என்பது சனிக்கிழமை பிறந்த ஆண்மகனுக்கு அவர்கள் இடும் பெயர். வெள்ளிக்கிழமை பிறந்தவன் கோஃபி. நம்மில் சனிக்கிழமையின் பெயரால் ஒரு பிள்ளையை அழைத்தால் அது வசவாக முடியும்!

நான் சென்ற அன்று தாய் ஊர் திரும்பியிருந்தார். மகள் மட்டும் இருந்தாள். ஒற்றை அறை, ஒரு மூலையில் காஸ் அடுப்பு. குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கடலையை அம்முறை அவள் மின்அரைவையில் அரைக்கவில்லை. உட்புறம் கோடு கோடாகச் சுரண்டிய மண்சட்டியொன்றில், மரத்தாலான குழவியால் தேய்த்தாள். ‘அசங்கா’ என்று பெயர். தாய் குமாசியிலிருந்து கொண்டுவந்தது. விளிம்பில் விரிசல் விட்டிருந்தது. இதே போன்ற சட்டியில்தான் நாங்கள் கீரை கடைவோம் என்றேன். அவள் நம்பவில்லை.

உண்பதற்கு உட்காருமுன் நான் அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அவள் இடைமறித்தாள்.

“தெரியும், ஆன்ட்டி. வீட்டுக்காரர் அம்மாவிடம் காட்டினார். ஐந்தாவது பெயர் உங்களுடையது.”

“அம்மாவுக்கு எப்பொழுது தெரியும்?”

“நீங்கள் சந்தையில் பை தூக்கி வந்தீர்களே, அதற்கு இரண்டு நாள் முன்பே.”

கை கழுவ நீர் ஊற்றினாள். நான் கையை நீட்டினேன். பிறகு கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தி, காரம் போதுமா என்று கேட்டாள். போதாது என்றேன். உண்மையில் போதாதுதான்.

சென்ற மாதம் ஊருக்குப் போயிருந்தபோது குயவர் வீட்டில் சொல்லி, உட்புறம் ஆழமாகக் கோடு இழுத்த கீரைச்சட்டி ஒன்று வாங்கினேன். ஒன்றரை நாள் ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். புதுச் சட்டியாகையால் அரிசி கழுவிய நீரில் மூன்று நாள் பழக்கினேன். இப்பொழுது பழைய செய்தித்தாளில் சுற்றி வாயிற்படி அருகில் வைத்திருக்கிறேன். ஞாயிறன்று கிர்க்கிக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.